காற்றின் மேல் பழி

தெற்கில் துருவ நட்சத்திரம் கிடையாது.
வடக்கே ஒன்றை வைத்த கை
இங்கே வந்து சேர்வதற்குள் காலியாகிவிட்டது போல.
தந்தீல் ஊருக்கு வெளியே, ரயில் வராமல் போன நிலையத்தின்
சரக்கு மேடையில் முழங்காலிட்டு
ஃபெர்மின் தேடுவது நான்கு மங்கல் புள்ளிகளை,
யாரோ அவசரத்தில் கோணலாக வரைந்த சதுரத்தை.
துருவம் அதற்குள்ளும் இல்லை. கொஞ்சம் தள்ளி,
ஒன்றுமே இல்லாத ஓர் இடம்.
அந்த ஒன்றுமில்லாததை நோக்கித்தான்
அச்சைத் திருப்ப வேண்டும்.

"கிடைத்தது" என்கிறான். மூச்சு பட்டு லென்ஸ் மங்குகிறது.
"போச்சு" என்கிறான்.
இறைச்சிக்கடையின் குளிரறையில் பழகிய விரல்கள்,
அதனால் எப்போதும் அவனுக்கே இந்த வேலை.

எவாரிஸ்தோவிடம் பேச்சில்லை.
பேருந்தின் சரக்கறையில் நாற்பது கிலோமீட்டர்
குலுங்கி வந்த குழாயின் பின்னால் குந்தி
மூன்று திருகுகளோடு வழக்காடுகிறார்.
ஒன்றை இறுக்கினால் இன்னொன்று முறுக்கிக்கொள்கிறது,
மூன்று சம்பந்திகளை ஒரே பந்தியில் உட்கார வைப்பது போல.
சிவப்பு லேசர்ப் புள்ளி
வளையத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டு
வெளியே போய் நிற்கிறது.

கண்ணாடி அவரே தேய்த்தது.
பணிமனையில், ஷிஃப்ட் முடிந்த பிறகு, எட்டு மாதம்,
டீசல் வாடையில்
ஓர் எண்ணெய்ப் பீப்பாயைச் சுற்றிச் சுற்றி நடந்து.
இது எல்லோருக்கும் தெரியும்.
அதில் கோணல் இருக்கிறது என்பதும்
போன மாதத்திலிருந்து எல்லோருக்கும் தெரியும்.
அதாவது, நெலிதா அப்படிச் சொன்னாள்.
யாரும் மறுக்கவில்லை.

நெலிதா பல் மருத்துவர்.
வாய்க்குள் விடும் குட்டிக் கண்ணாடியைக்
குழாய்க்குள் விட்டுப் பார்த்து
"இன்னும் கொஞ்சம் இடது" என்கிறாள்.
வலிக்கிறதா என்று மட்டும் கேட்கவில்லை.

ஒன்றரை மணிக்கு எல்லாம் நேர்.
சனி வந்தது:
ஓடும் வாய்க்காலின் அடியில் கிடக்கும் காசு.
வளையம் இருக்கிறது, இல்லை, இரண்டாக இருக்கிறது,
பொங்கி விளிம்பைத் தாண்டுகிறது.
ஃபெர்மின் மரியாதைக்கு "அழகு" என்றான்.
நெலிதா பார்த்துவிட்டுக்
கையுறையை மாட்டிக்கொண்டாள்.
அதற்கு அவள் ஏதாவது சொல்லியிருக்கலாம்.

எவாரிஸ்தோ குழாயை உச்சிக்குத் தூக்கினார்,
மீனின் வாய் என்று பெயர் வாங்கிய நட்சத்திரத்துக்கு.
குவியத்தை வேண்டுமென்றே கலைத்தார்.
புள்ளி பருத்தது. உப்பியது.
நடுவில் துளைவிட்ட வடையானது,
விளிம்பெல்லாம் எண்ணெயில் கிடப்பது போலக் கொதித்தது.
அவர் துளையைப் பார்த்தார்.
குவியத்துக்கு உள்ளே நகர்த்தி ஒரு நிமிடம்,
வெளியே நகர்த்தி ஒரு நிமிடம்.
நீளவில்லை. எந்தப் பக்கமும் சாயவில்லை.
நடுங்கியது;
நடு மாறவில்லை.

"நெலிதா, இங்கே வா."

அவள் நெடுநேரம் குனிந்திருந்தாள்.
தண்டவாளத்துக்கு அப்பால் ஒரு மாடு இருமியது.
"காற்று" என்றாள்.
"காற்றா?"
"காற்றுதான். மேலே எங்கோ வெறிபிடித்து ஓடுகிறது.
உன் கண்ணாடியில் ஒன்றுமில்லை."

அந்தக் குளிர்காலத்தின் ஆக மோசமான வானத்தின் கீழ்
ஒருவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டார்.
இனி எதையும் பார்க்க வேண்டும் என்று
அவருக்குத் தோன்றவில்லை.
மாத்தே கசாயத்தை ஊற்றி
முதல் குவளையை நெலிதாவிடம் நீட்டினார்.
ஆறிப்போயிருந்தது. குடித்தாள்.

மூன்று மணிக்குக் குழாய் முழுக்க வியர்த்துவிட்டது. மூடினார்கள்.

ஐந்து நாற்பதுக்கு முதல் பேருந்து.
வலது விளக்கு சாலையைப் பார்க்கிறது.
இடது விளக்கு, மாதக்கணக்காக,
யூகலிப்டஸ் மரங்களின் உச்சியை.
முன்னிருக்கைப் பால்பண்ணைக்காரர் இன்றும் சொன்னார்:
"ஒரு திருகு விஷயம்தானே?"
"எங்கே நேரம்" என்றார் எவாரிஸ்தோ,
கியரை மாற்றியபடி.